உறையாத எண்ணெய்

போன வாரம் எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் யாரோ ஒரு டப்பாவைத் திறந்தார்கள். நான் பார்க்கவில்லை. மணம்தான் வந்தது. லேசான இனிப்பு, அதற்கு அடியில் ஒரு மருந்துக் கசப்பு. பிரேக் ஆயில். காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். மூக்குக்கு முன்னால் உச்சந்தலைக்குத் தெரிந்துவிட்டது. மயிர்க்கால் ஒவ்வொன்றும் கூச, பின்னங்கழுத்தில் ஈரம் இறங்குவது போலிருந்தது. கை வைத்துத் தடவிப் பார்த்தேன். காய்ந்த தலைதான். ஆனாலும் கால்கள் நடையை எட்டிப் போட்டன. ஒரு காலத்தில் சரிவில் ஓடிய கால்கள். அவற்றுக்கு அந்த ஓட்டம் இன்னும் முடியவில்லை போல.

மஞ்சூருக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய கூலி வீட்டு வரிசையில், கடைசி வீடு எங்களுடையது. கப்பலில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, ரயிலும் லாரியுமாக மலையேறி வந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, அண்ணன், நான். அப்பா சிலோனிலேயே மண்ணாகிப் போனார். எனக்கு அப்போது பத்தொன்பது. அந்த மலையும் இந்த மலையும் ஒரே மாதிரி இருந்தன. ஒரே செடி, ஒரே மழை, விடியற்காலையில் பேர் கூப்பிடும் ஒரே பிரட்டு. அந்த ஒற்றுமையே எனக்குப் பயமாக இருந்தது. கண்ணை மூடித் திறந்தால் எந்தக் கரையில் இருக்கிறோம் என்று தெரியாது. வாயைத் திறந்தால்தான் தெரியும். அறையைக் காம்பரா என்போம், சிரிப்பார்கள். பாட்டிலைப் போத்தல் என்போம், அதற்கும் சிரிப்பார்கள்.

அண்ணன் அங்கே நுவரெலியாப் பக்கம் துரைமார் வண்டிகளைப் பழுது பார்த்தவர். இங்கே முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு செடிக்கு மருந்தடித்தார். அப்படி இருக்கும்போதுதான் தோட்டத்துச் சின்ன துரை, அதாவது உதவி மேனேஜர், அந்தக் காரை வாங்கினார். கோயமுத்தூர்க்காரர், முப்பது வயது இருக்காது. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடமிருந்து வாங்கிய பந்தயக் கார். இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது. வெளிறிய சிவப்பு. முன்னால் இரண்டு விளக்கும் பிதுங்கிக்கொண்டு நிற்கும். லயத்துப் பிள்ளைகள் அதற்குத் தவளை என்று பேர் வைத்தார்கள். தவளை கத்தாது. உறுமும். ஒரு மலையில் உறுமினால் எதிர்மலை திருப்பி உறுமும்.

பேக்டரி ஒர்க்‌ஷாப் லாரிகளுக்குத்தான், விளையாட்டுச் சாமானுக்கு இல்லை என்று பெரிய துரை சொல்லிவிட்டார். அதனால் சனிக்கிழமை மத்தியானங்களில் தவளை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. வண்டி ஒழுங்காக ஓடினால் அண்ணனுக்கு டிரைவராகப் பேர் பதிந்து தருவதாகச் சின்ன துரை வாக்குக் கொடுத்திருந்தார்.

பக்கத்து வீட்டில் ஒரு கோயமுத்தூர்ப் பக்கத்து அம்மா. அவர் வாசலில் நின்றுகொண்டு எங்கள் அம்மாவைக் கேட்பார்: "ஏனுங்க, ஊடு மழைக்கு ஒழுகுது, வாசல்ல பிளசர் காரு நிக்குதுங்களே! எங்கீங்க பயணம், சிலோனுக்கா?"

"ஆமா, நீங்களும் ஏறிக்கங்க, கடல்ல எறக்கிவிடுறோம்" என்பார் அம்மா.

எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. எனக்கு அந்த வண்டி பயம்; உறுமல் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வேன். எங்கள் வாசல் பத்து எட்டில் முடிந்துவிடும்; அதற்கப்புறம் சரிவு, தேயிலை, மேகம். அதன் விளிம்பில் நிறுத்தி, இஞ்சின் ஆயிலை இறக்கி, பிளக்கைக் கழற்றிக் கம்பிப் பிரஷால் தேய்த்து, மெல்லிய தகடு விட்டு இடைவெளி பார்த்து மாட்டுவார் அண்ணன். ஒரு இஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒன்று மாற்றி ஒன்றில் வைத்துக் கேட்பார். "ரெண்டும் ஒரே மூச்சா விடணும் புள்ள. கேட்டுப் பாரு." குழாயை என் காதில் வைப்பார். எனக்குப் பாம்பு சீறுவதுதான் கேட்டது.

எல்லாவற்றிலும் பெரிய பயம் பிரேக்கில் காற்று எடுக்கும் நாள்.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் மிதி தளர்ந்து போகும். எண்ணெயைப் பாய்ச்சித்தான் காற்றைத் துரத்த வேண்டும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, பிடுங்கிப் போட்ட தேயிலைத் தூர்களை முட்டுக் கொடுத்து, அண்ணன் மல்லாந்து கீழே போவார். சக்கரத்துக்குப் பின்னாலுள்ள சின்னத் திருகைத் தளர்த்தி, அதில் ரப்பர் குழாயை மாட்டி, குழாயின் நுனியை ஒரு ஜாம் குப்பிக்குள் விடுவார். மிதிப்பது நான். அவர் முகம் எனக்குத் தெரியாது. பலகைச் செருப்பு போட்ட இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"புடி. விட்றாத. நான் சொல்லாம விட்ட, அவ்வளவு காத்தும் திரும்ப உள்ள போயிரும்."

குப்பியில் குமிழி வெடிக்கும் சத்தம். ஜாக்கி நழுவினால் என்ன ஆகும் என்று நான் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இப்ப விடு."

ஒரு சக்கரத்துக்கு இருபது தடவை, முப்பது தடவை. நடுவில் இஞ்சின் பக்கத்திலுள்ள சின்ன டப்பாவில் எண்ணெய் குறையும். தீர்ந்துபோக விடக்கூடாது; தீர்ந்தால் மறுபடி காற்று, மறுபடி முதலிலிருந்து. அதனால் ஊற்றுவதும் நான்தான்.

இங்கேதான் போத்தல் வருகிறது. பிரேக் ஆயில் ஈரத்தைக் குடிக்கும், மஞ்சூர் மஞ்சு பட்டால் கெட்டுப்போகும் என்று அண்ணன் அதை டப்பாவில் வைக்கவில்லை. கப்பலில் கொண்டுவந்த போத்தல் ஒன்றில் ஊற்றி, இறுக்கி மூடி, அடுப்பு மேட்டில் வைத்தார். அதே மேட்டில், அதே மாதிரி இன்னொரு போத்தலில் எங்கள் தேங்காய் எண்ணெய். அந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் மெழுகாக உறைந்துவிடும். அடுப்போரம் வைத்தால்தான் ஊற்ற வரும். அங்கிருந்து வந்த வீடுகள் எல்லாவற்றிலும் அது அடுப்போரம்தான் இருக்கும். அடையாளத்துக்காக பிரேக் ஆயில் போத்தல் கழுத்தில் அண்ணன் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தார்.

அந்த நூலை அவிழ்த்தவள் நான். வெள்ளிக்கிழமை பிரட்டுக்கு நேரமாகிவிட்டது, பின்னல் முடியக் கயிறு அகப்படவில்லை. சாயங்காலம் திரும்பக் கட்டிவிடலாம் என்று எடுத்துப் பின்னல் நுனியில் சுற்றிக்கொண்டேன். சாயங்காலம் மறந்தேன். வலது பக்கம் இருப்பது பிரேக் ஆயில், அது மட்டும் மனதில் இருந்தது. மறுநாள் மூன்றாவது சக்கரம் முடிவதற்குள் அம்மா அடுப்பு மேட்டைச் சாணி போட்டு மெழுகி, போத்தல்களை இடம் மாற்றி வைத்தது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை நாலாவது சக்கரம். எனக்கு நல்ல ஜலதோஷம். மூக்கில் எதுவும் ஏறவில்லை. கீழேயிருந்து அண்ணன் கத்தினார்: "எண்ணெய் எறங்கிருச்சு, ஓடு, ஓடு!" ஓடினேன். வலது பக்கத்துப் போத்தல். அடுப்புச் சூட்டில் இரண்டும் ஒரே மாதிரி, வெளிர் மஞ்சளாகத் தண்ணியாக ஓடும். டப்பா வாய்வரை ஊற்றினேன். அவசரத்தில் கொஞ்சம் சிந்தியது. பாவாடையால் துடைத்தேன். இன்னும் பத்துத் தடவை மிதித்தேன்.

அண்ணன் வெளியே வந்து தானே மிதித்துப் பார்த்தார். "கல்லு மாதிரி நிக்குது. கைராசிக்காரி நீ." வாசலில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். நின்றது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பங்களாவில் வண்டியைக் கொடுக்க வேண்டும். துரை அங்கிருந்து அதை ஓட்டிக்கொண்டு சமவெளியில் ஒரு பந்தயத்துக்குப் போகிறார். லயத்திலிருந்து பங்களாவுக்குப் பத்து வளைவு இறக்கம். பங்களாவிலிருந்து சமவெளிக்கு எத்தனை வளைவு என்று நான் எண்ணியதில்லை. பஸ்ஸில் வரும்போது கண்ணை மூடிக்கொண்டேதான் வந்திருக்கிறேன்.

ஞாயிறு காலை. இன்னும் வெயில் வரவில்லை. அண்ணன் தேத்தண்ணிக்குக்கூடக் காத்திராமல் வண்டியை எடுத்தார். உறுமல் வாசலைத் தாண்டி, முதல் வளைவில் தேய்ந்தது. இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் தாழ்வாரத்தில், நான் தலை சீவ உட்கார்ந்தேன். ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த அடுப்பு. எண்ணெய் போத்தலில் உறைந்திருக்கும். தினமும் கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுப்பேன். பழக்கத்தில் கரண்டியோடு வந்தேன். இடது பக்கத்துப் போத்தலைச் சாய்த்தேன்.

எண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்தது.

உள்ளங்கை நிறைந்து, மணிக்கட்டில் வழிந்தது. எவ்வளவு சுலபம் என்று ஒரு நொடி சந்தோஷம். உச்சியில் வைத்துத் தேய்த்தேன். சுள்ளென்றது. எண்ணெய் வழுக்கவில்லை, வேறு மாதிரி பிசுபிசுத்தது. ராத்திரியில் ஜலதோஷம் விட்டிருந்தது. அப்போதுதான் மூக்குக்கு மணம் ஏறியது. இனிப்பு, அடியில் கசப்பு.

உள்ளே திரும்பி அடுப்பு மேட்டைப் பார்த்தேன். இன்னொரு போத்தலில் பாதிக்குக் கீழே வெள்ளையாக, கெட்டியாக, நிலா மாதிரி உறைந்து நின்றது.

கரண்டி கையிலிருந்து விழுந்தது. "என்னடி?" என்றார் அம்மா. அண்ணன் வண்டியில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, என் காலாலேயே மிதித்து உள்ளே அனுப்பியிருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல வாய் இல்லை, கால்தான் இருந்தது. ஓடினேன்.

ரோடு பாம்பாக வளைந்து இறங்கும். நாங்கள் கொழுந்து சுமக்கும் குறுக்குப் பாதை செங்குத்தாக, நேராக இறங்கும். பனியில் நனைந்த கல்படி. வழுக்கியது, விழுந்தேன், செடியைப் பிடித்து எழுந்தேன், குச்சி உள்ளங்கையைக் கிழித்தது. தலையிலிருந்து வழிந்த ஆயில் கண்ணில் இறங்கி எரிந்தது. உலகம் பாதி மங்கல். கீழே சத்தம் மட்டும் இருந்தது. மூன்றாவது வளைவில் உறுமி, இறங்கி, நாலாவதில் திரும்பியது. அது கேட்கிறவரைக்கும் அண்ணன் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு ஓடினேன். எந்த உறுமலைக் கேட்டு இத்தனை நாள் காதைப் பொத்தினேனோ, அதையே உறுமு, உறுமு என்று கும்பிட்டுக்கொண்டு ஓடினேன்.

ஐந்தாவது வளைவில் சத்தம் நின்றது.

தேய்ந்து நிற்கவில்லை, சட்டென்று நின்றது. எதிர்மலையும் வாயை மூடிக்கொண்டது. என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. அந்த வளைவுக்கு வெளிப்பக்கம் முழங்கால் உயரக் கட்டைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது. நான் அங்கே போய் எட்டிப் பார்க்கப் போவது சுவரை இல்லை, சுவருக்குக் கீழே. அதை நினைத்ததும் கால் நின்றுவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், நின்றுவிட்டேன். செடிக்குள் உட்கார்ந்துவிட்டேன். போகாமல் இருந்தால் நடக்காமல் இருந்துவிடும் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு யாரோ இருமும் சத்தம் கேட்டது. பீடி இருமல். எங்கள் வீட்டு இருமல்.

வண்டி வளைவின் உள்பக்கம் மலையில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. சக்கரத்துக்கு இரண்டு கல். அண்ணன் கட்டைச் சுவரில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். முன்சக்கரத்திலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. இரண்டும் புகைந்துகொண்டிருந்தன.

"மிதிச்சது மிதிச்சபடியே நிக்குது" என்றார், என்னைப் பார்க்காமலே. "பிரேக்கு புடிக்குது, விடமாட்டேங்குது. இழுத்துக்கிட்டே வந்து இங்க சிக்கிக்கிச்சு. ஏன்னே வெளங்கல..." பிறகு திரும்பினார். என் தலையைப் பார்த்தார். வழியும் நெற்றியைப் பார்த்தார். பின்னலைப் பிடித்துத் தூக்கினார். அதன் நுனியில் அவருடைய சிவப்பு நூல்.

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் இஞ்சின் மூடியைத் திறந்து, டப்பாவுக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் வெள்ளை மெழுகு. மோந்து பார்த்தார். "ரொட்டிக்குத் தடவலாம்" என்றார். சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை, தாடை ஆடியது. அப்போதுதான் தெரிந்தது, அவரும் என்னைப்போலவே பயந்து போயிருந்தார்.

"குளிருதான் காப்பாத்துச்சு" என்றார். "ஒறைஞ்சதால சிக்குச்சு. உருகியிருந்தா ஒழுங்கா ஓடியிருக்கும். கொஞ்ச தூரம்."

"துரைகிட்ட சொல்லிருவோம்ணே. நான்தான்னு சொல்லிர்றேன்."

"சொன்னா நம்புவாருன்னு நெனைக்கிறியா? இஞ்சின் சூடும் வெயிலும் ஏறுனா ஒரு மணி நேரத்துல இது உருகிரும். மிதிச்சா நல்லா நிக்கும். பந்தயம் பந்தயம்னு ஒரு மாசமா தூங்காத மனுசன். எடுத்துக்கிட்டுத்தான் போவாரு. இந்த எண்ணெய்க்கு உள்ள இருக்கற ரப்பரெல்லாம் ஊதிப் போயிரும் புள்ள. பாதி மலையில."

கீழே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றது எனக்கு மட்டும் கேட்கவில்லை, பங்களாவுக்கும் கேட்டிருக்கிறது. ஒன்பதாவது வளைவு. எட்டாவது.

அண்ணன் கை வேகமாக இயங்கியது. இஞ்சின் பக்கத்தில் பிளக்குகளுக்கெல்லாம் கரண்டு பிரித்துவிடும் கறுப்பு மூடி. அதன் கொக்கியைத் தட்டினார், திறந்தார், உள்ளிருந்து பழுப்பாக ஒன்றைப் பிடுங்கினார். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. ரோட்டர். அது இல்லாமல் எந்த வண்டிக்கும் உயிர் வராது. அதை என் தாவணி முனையில் முடிந்து, என் பின்னலிலிருந்து நூலை அவிழ்த்து முடிச்சின் மேல் இறுக்கிச் சுற்றினார்.

"மேல ஏறு. நீ இங்க நின்னா ஒன்னக் கேப்பாரு. நீ எடுத்துக் குடுத்துருவ."

ஏறினேன். இருபது படி ஏறியதும் ஜீப் வந்துவிட்டது. செடிக்குள் குந்தினேன். முடிச்சைக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"ஏன்டா நடு ரோட்டுல நிறுத்தி வெச்சிருக்கற?"

"பிரேக்குல தப்பு எண்ணெய் போயிருச்சு தொரே. என் தப்புதான். இது கீழ எறங்கக் கூடாது."

துரை ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்க்கும் சத்தம். "நல்லாத்தான நிக்குது! கல்லாட்டம் இருக்குது!" சாவியைத் திருகினார். இஞ்சின் கூவியது, பிடிக்கவில்லை. மறுபடி கூவியது. நாலாவது தடவைக்குப் பிறகு அமைதி. வண்டியை அறிந்தவர்தான், மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

"எங்க அது?"

"எடுத்துட்டேன் தொரே."

"மரியாதையாக் குடு. எனக்கு நேரமாச்சு."

"குடுக்க ஏலாது தொரே."

கப்பலேறிய நாள்முதல் யாரிடமும் அண்ணன் ‘ஏலாது’ என்ற அந்தச் சிலோன் வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. என் கைக்குள் முடிச்சு வேர்த்தது. ஓடிப்போய்க் கொடுத்துவிட்டால் என்ன? பேர் பதிவார்கள், டிரைவர் ஆவார், எல்லாம் சரியாகிவிடும். எழுந்தும் விட்டேன். ஆனால் கீழே கட்டைச் சுவர் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மேகம் மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தது. மறுபடி உட்கார்ந்தேன்.

"அப்ப இன்னியோட இந்த எஸ்டேட்ல உனக்கு இடமில்ல."

"சரிங்க தொரே."

அண்ணன் மேலே பார்க்கவில்லை. பார்த்தால் நான் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்றுதான். கீழ்நோக்கி நடந்தார். ஆறாவது வளைவில் மறைந்தார். சாமான் எடுக்கக்கூட வீட்டுக்கு வரவில்லை; மெயின் ரோட்டில் கட்டை லாரியொன்றில் ஏறிக் கோயமுத்தூர் போனார் என்று பிறகு தெரிந்தது. ஒரு லாரிப் பட்டறையில் வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. மறுபடி அவர் முகத்தைப் பார்க்க எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

அடுத்த வாரம் சமவெளியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து வண்டியைப் பிரித்தார். அன்று சாயங்காலம் சின்ன துரை எங்கள் லயத்துக்கு நடந்து வந்தார். உள்ளே வரவில்லை. இஸ்தோப்பில் எதையோ வைத்தார். பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் கிண்ணம். ராத்திரி முழுக்க ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பி, தொட்டால் பிய்ந்து வந்தது.

"உங்க அண்ணன் எங்கம்மா இருக்கான்?"

"தெரியாதுங்க" என்றேன். அப்போது நிஜமாகவே தெரியாது. அவர் திரும்பிப் போய்விட்டார். ரோட்டரை அவர் கேட்கவில்லை. இன்றும் என் பெட்டியில் நூலோடு இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மலையூற்று வடியும் பீலித் தண்ணீரில் மூன்று தடவை தலை முழுகினேன். பனிக்கட்டி மாதிரித் தண்ணீர். நடுங்கிக்கொண்டே தேய்த்தேன். ஏனென்றால் அண்ணன் சொல்லிவிட்டுப் போனது அதுதான். ஜீப் ஏழாவது வளைவில் திரும்பும்போது, முடிச்சோடு படியேறத் தொடங்கியவளைப் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மொதல்ல போயித் தலையக் கழுவு புள்ள. நல்லா சீயக்கா போட்டுத் தேயி. மயிரெல்லாம் கொட்டிரும்."